சரக்கு போன வழியே ஜகாத் திரும்பட்டும்

அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதமாக உயர்த்தியபோது, திருப்பூர் பேசியதெல்லாம் ஆர்டரைப் பற்றித்தான். ஆர்டர் நின்றால் யார் வீட்டு அடுப்பு முதலில் அணைகிறது என்பது குறைவாகவே பேசப்பட்டது. ஊத்துக்குளி, குன்னத்தூர், செங்கப்பள்ளி என்று நகருக்கு வெளியே நீளும் ஊர்களில் ஜாப் ஒர்க் வாங்கித் தைப்பவர்களும், பிசிர் வெட்டுபவர்களும், கம்பெனி வண்டிக்காக விடியற்காலையில் ரோட்டோரம் நிற்பவர்களும் இருக்கிறார்கள். மந்தம் வந்தால் ‘நாளைக்கு வர வேண்டாம்’ என்ற சொல்லை முதலில் கேட்பவர்கள் இவர்கள்தான். இவர்களைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய ஓர் ஏற்பாடு இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. முஸ்லிம் வணிகர்களும் உற்பத்தியாளர்களும் பெரும்பாலும் ரமலானில் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஜகாத் அது. அதை யாருக்கு, எந்த அளவில், எந்த வழியில் சேர்ப்பது என்பதில் நம் பழக்கம் மாற வேண்டும்.

திருப்பூர்ப் பின்னலாடையின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு முஸ்லிம் பெயர் இருக்கிறது. 1925இல் குலாம் காதர் ‘பேபி நிட்டிங்’ என்ற பெயரில் முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கினார் என்றே தொழில் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நூறு ஆண்டுகளில் அந்தத் தொழில் ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதியாக வளர்ந்திருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. உள்நாட்டு வியாபாரத்துக்கு நகரிலேயே காதர்பேட்டைச் சந்தை இருக்கிறது. இந்தச் சரக்கு ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் இன்னோர் ஊர் என்று பல கைகள் மாறித்தான் அட்டைப்பெட்டிக்குள் போகிறது. குன்னத்தூர் போன்ற சந்தை ஊர்கள் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள். லாபம் நகரத்துக் கணக்கில் சேர்கிறது. வேலை இல்லாத வாரம் கிராமத்துக் கணக்கில் சேர்கிறது.

தருமம் என்ற சொல் போதாது

ஜகாத்தைத் தமிழில் ‘ஏழை வரி’ என்றும் ‘கட்டாய தருமம்’ என்றும் சொல்கிறோம். இரண்டிலும் பாதிப் பொருள்தான் வருகிறது. செல்வரின் பொருளில் கேட்பவருக்கும், கேட்காமல் ஒதுங்கி நிற்கும் வறியவருக்கும் உரிமை உண்டு என்று திருக்குர்ஆன் 51, 70ஆம் அத்தியாயங்களில் சொல்கிறது. உரிமை என்ற சொல் வந்த பிறகு கொடுப்பவரின் பெருந்தன்மைக்கு அங்கே வேலை இல்லை. நபிகள் நாயகத்தின் மறைவுக்குப் பின் சில குலத்தார் ஜகாத் தர மறுத்தபோது முதல் கலீபா அபூபக்கர் அவர்கள்மீது படை அனுப்பியதும் அது ஏழையின் பங்கு என்பதால்தான். கையில் உள்ளது, கடைசியில் வேறொருவருடையது என்ற உணர்வோடு எண்ணித் தர வேண்டிய தொகை ஜகாத்.

கணக்கு எளிமையானது. சுமார் 85 கிராம் தங்கம் அல்லது 595 கிராம் வெள்ளியின் மதிப்பு அளவுக்குப் பொருள் ஓராண்டு கையில் இருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். பனியன் தொழிலுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு நுட்பம் புலப்படும். தையல் மிஷினுக்கும் கட்டடத்துக்கும் ஜகாத் இல்லை. அவை உழைப்புக் கருவிகள். விற்பதற்காக வைத்திருக்கும் நூல், துணி, தைத்து முடித்த சரக்கு, ரொக்கம், வர வேண்டிய பாக்கி ஆகியவற்றுக்கு உண்டு. சரக்கும் ரொக்கமுமாக 10 லட்சம் ரூபாய் வைத்திருப்பவர் 25,000 ரூபாய் தர வேண்டும். விளைச்சலுக்கும் இதே பார்வைதான்: மானாவாரியாக விளைந்தால் பத்தில் ஒன்று, கிணற்றிலிருந்து நீர் இறைத்து விளைவித்தால் இருபதில் ஒன்று. மழை கொடுத்ததற்கு அதிகம், வியர்வை கொடுத்ததற்குக் குறைவு. மேய்ச்சலில் வளரும் ஆடுகள் நாற்பது சேர்ந்தால் ஓர் ஆடு. கொங்கு நாட்டு மேட்டுக்காட்டு விவசாயிக்கு விளக்கமே தேவைப்படாத கணக்கு இது. கொடுப்பவரின் உழைப்பை இவ்வளவு கவனமாக எடைபோடும் ஒரு சட்டம், வாங்குபவரின் உழைப்பைக் கவனிக்காமல் விட்டுவிடும் என்று நினைப்பதற்கில்லை.

எந்த ஊரில் கொடுப்பது என்பதற்கும் விடை இருக்கிறது. தோழர் முஆத் இப்னு ஜபலை யமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வரிடம் வாங்கி அங்குள்ள ஏழைகளிடமே திருப்பித் தர வேண்டும் என்று நபிகள் நாயகம் அறிவுறுத்தினார். பொருள் இருக்கும் ஊரின் ஏழைகளுக்கே முதல் உரிமை என்று சட்ட அறிஞர்கள் இதிலிருந்து வகுத்தார்கள். திருப்பூர்ச் சரக்கின் ஊர் எது? அது குவிந்திருக்கும் கிடங்கு மட்டும்தானா? கிடங்குக்கு வரும் முன் அது தைக்கப்பட்ட இடமும் அதன் ஊர்தான் என்பது என் வாதம். ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள் அடங்கும் இந்த ஊர்களைப் பழைய சட்ட நூல்களின் அளவுகோலில் பார்த்தாலும் வெளியூர் என்று தள்ளிவிட முடியாது. சரக்கு எந்த வழியே வந்ததோ அந்த வழியே ஜகாத்தும் திரும்பிப் போக வேண்டும்.

வரிசையில் நிற்க வைப்பது

இப்போதைய வழக்கம் வேறு. ரமலானின் கடைசிப் பத்து நாள்களில் கடை வாசலில் கூட்டம் கூடும். ஆளுக்கு நூறோ இருநூறோ, ஒரு சேலையோ லுங்கியோ. கொடுத்தவர் மனம் நிறையும், வாங்கியவர் அடுத்த கடைக்குப் போவார். இந்த முறையின் உச்சபட்ச விபரீதத்தை வெளிநாடுகளில் பார்த்துவிட்டோம். 2023 மார்ச் 31 அன்று கராச்சியின் தொழிற்பேட்டையில் ஒரு சாயத் தொழிற்சாலையில் ரமலான் உதவி வாங்க வந்த கூட்டம் நெரிந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அடுத்த மாதமே யமனின் தலைநகர் சனாவில் வணிகர்கள் பணம் கொடுத்த இடத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோர் மிதிபட்டு மாண்டார்கள். 2015 ஜூலையில் வங்கதேசத்தின் மைமன்சிங்கில் ஜகாத் துணி வாங்க விடியுமுன் வந்து காத்திருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தமக்கு உரிமையான ஒன்றை வாங்கப் போன இடத்தில் செத்தவர்கள் இவர்கள்.

வங்கதேசம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே ‘ஜகாத் சேலை’ என்றாலே மலிவான, இரண்டு தடவை துவைத்தால் சாயம் போகும் துணி என்று பொருள் வந்துவிட்டது. அதற்கென்றே தனியாக நெய்து விற்கிறார்கள். நமக்குக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கிக்கொள்வோம் என்ற தரத்திலுள்ள பொருளைத் தருமமாகத் தராதீர்கள் என்று திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயம் எச்சரித்திருந்தும் இது நடந்திருக்கிறது. துணியிலேயே வாழும் ஊர் திருப்பூர். ரிஜெக்ட் ஆன பீஸ்களை மூட்டை கட்டி ‘ஜகாத்தில் கழித்துவிடலாம்’ என்ற எண்ணம் இங்கே தலைகாட்டவே கூடாது.

சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பதன் பலன் என்ன என்று பாருங்கள். ஒரு லட்சம் ரூபாயை ஐம்பது பேருக்கு இரண்டாயிரமாகப் பிரித்தால், அடுத்த சனிக்கிழமைக்குள் அது ஐம்பது வீட்டிலும் தீர்ந்திருக்கும். அடுத்த ஆண்டு அதே ஐம்பது பேர் வருவார்கள். அதே தொகையில் தலா ஐம்பதாயிரம் கடனில் தவிக்கும் இரண்டு குடும்பங்களின் கடனை முழுதாக அடைத்தால், அந்த இரண்டு குடும்பங்களும் பட்டியலிலிருந்து வெளியேறும். கொடுத்தால் தேவை தீரும் அளவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது கலீபா உமரின் கொள்கையாக அபூ உபைதின் ‘கிதாபுல் அம்வால்’ நூலில் பதிவாகியிருக்கிறது. கைத்தொழில் தெரிந்தவருக்கு அவர் தொழிற்கருவியை வாங்கும் அளவுக்குத் தர வேண்டும் என்று இமாம் நவவீ எழுதினார். ஓவர்லாக் ஓட்டத் தெரிந்த ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு மிஷின் என்று அதை இன்றைய குன்னத்தூர்த் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

கடனாளியும் வழிப்போக்கரும்

ஜகாத் யாருக்கு என்பதை ஒன்பதாம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டு வகையாகச் சொல்கிறது: வறியவர், தேவையுள்ளவர், ஜகாத்தைத் திரட்டி நிர்வகிப்பவர், உள்ளம் இணக்கப்பட வேண்டியவர், அடிமைத்தளையில் இருப்பவர், கடனாளி, இறைவழியில் இருப்பவர், வழிப்போக்கர். நடைமுறையில் முதல் இரண்டோடு நாம் நின்றுவிடுகிறோம். இந்தப் பின்னலாடை வட்டாரத்தில் இன்று கண்முன் நடமாடுபவர்களோ ஆறாவதும் எட்டாவதும்.

கடனாளி யார்? வாரச் சம்பளம் வந்ததும் முதல் செலவாக மகளிர் குழு லோன் தவணையைக் கட்டுகிறவர். ஷிப்ட் குறைந்த வாரத்தில் அந்தத் தவணைக்காக இன்னொரு கடன் வாங்குகிறவர். வசூலுக்கு வருபவர்களின் கெடுபிடியைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்பதே நிலைமை எவ்வளவு முற்றியது என்பதைக் காட்டும். அந்தச் சட்டம் மிரட்டலைத் தடுக்கலாம், கடனை அடைக்காது. குழு லோனில் இன்னொரு கொடுமையும் உண்டு. ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். கை நீட்டிக் கேட்பதற்கு அனுமதி உள்ளவர்கள் மூன்றே வகையினர் என்று கபீஸா என்ற தோழரிடம் நபிகள் நாயகம் சொன்ன செய்தி ‘ஸஹீஹ் முஸ்லிம்’ தொகுப்பில் உள்ளது. அதில் முதலில் வருபவர், பிறருக்காகக் கடன் பொறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்டவர். இரண்டாமவர், பேரிடரில் பொருளை இழந்தவர். பக்கத்து வீட்டுப் பெண்ணின் தவணையையும் சேர்த்துச் சுமக்கும் பனியன் தொழிலாளி முதல் வகைக்கு எவ்வளவு பொருத்தம்! கடல் கடந்து போடப்பட்ட ஒரு வரியால் வேலை இழந்தவரை இரண்டாம் வகைக்கு அருகில் வைத்துப் பார்ப்பதிலும் தவறில்லை.

வழிப்போக்கர் என்றால் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று வடக்கிலிருந்து வந்து இங்கே மிஷின் ஓட்டுபவர். வேலையும் சம்பளமும் இருக்கும் வரை அவரை அந்தப் பெயரால் அழைக்க முடியாதுதான். வேலை நின்று, அறை வாடகை ஏறி, ஊருக்குப் போக ரயில் கட்டணமும் இல்லாத நாளில் அவரே அசல் வழிப்போக்கர். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து, ஒரு மாதத்தில் ரமலானும் வந்தபோது இதைத் திருப்பூர் நேரில் பார்த்தது. அன்று எல்லா மதத்தாரும் ஓடி ஓடிச் சோறு போட்டார்கள். அந்த வேகத்தை, நோய் இல்லாத ஆண்டுகளுக்கும் பொருந்தும் ஒரு நிரந்தர ஏற்பாடாக மாற்ற மறந்துவிட்டோம்.

எழக்கூடிய மறுப்புகள்

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பதுதானே மார்க்கம், பொது நிதி எதற்கு என்று கேட்பார்கள். மறைவு, விருப்பமாகத் தரும் சதக்காவுக்குச் சிறப்பு. ஜகாத்துக்கு உரியவர்களின் பட்டியலிலேயே திரட்டி நிர்வகிப்பவருக்கு ஒரு பங்கு ஒதுக்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். திரட்டும் அமைப்பு ஒன்று இருக்கும் என்ற எண்ணத்தோடுதான் அந்த வசனமே அமைந்திருக்கிறது. சிங்கப்பூரில் 1968இல் உருவான இஸ்லாமிய சமய மன்றம் சட்டப்படி ஜகாத்தைத் திரட்டுகிறது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. ஆனாலும் மனமிருந்தால் செய்ய முடியும் என்பதற்கு அதிராம்பட்டினத்தின் அதிரை பைத்துல்மால் என்ற பொது நிதியகம் நம் மாநிலத்திலேயே உள்ள சான்று.

என் உறவிலேயே ஏழைகள் இருக்கிறார்களே என்பது அடுத்தது. நியாயமான பேச்சு. பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி நீங்கலாக ஏழை உறவினருக்குத் தருவதில் இரட்டை நன்மை என்பது மார்க்கத்தின் தீர்ப்பு. ஆகவே முழுவதையும் பொது நிதிக்குத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு பகுதி போதும்; அது தவறாமல் வர வேண்டும்.

ஹனஃபி மத்ஹபில் (சட்ட மரபில்) ஜகாத் பொருள் ஏழையின் கைக்குச் சொந்தமாகப் போய்ச் சேர வேண்டும், கட்டடமாகவும் கருவியாகவும் பொதுவில் வைக்க முடியாது என்பார்கள். சரிதான். மிஷினை அந்தப் பெண்ணின் பெயரிலேயே வாங்கிக் கொடுத்துவிடுவதும், கடனாளியின் சம்மதத்தோடு அவர் கடனை அடைப்பதும் இந்த நிபந்தனைக்குள் அடங்கியவையே. ஒருவருக்கே பெருந்தொகை கொடுப்பது உகந்ததன்று என்று அந்த மத்ஹபில் சொல்லப்பட்டாலும், கடனாளிக்கும் குடும்பச் சுமை உள்ளவருக்கும் அதில் விலக்கு இருக்கிறது.

பக்கத்து மிஷினில் இருப்பவர் முஸ்லிம் அல்லாதவர் என்றால்? நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்கு என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. இணக்கத்துக்குரியோர் என்ற நான்காம் வகையைக் கொண்டு சிலர் விரிவாகப் பொருள் சொல்வதுண்டு. அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சதக்கா எல்லா மனிதருக்கும் உரியது. நோன்புப் பெருநாளில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்காகவும் சுமார் இரண்டரை கிலோ தானிய அளவில் தரும் பித்ராவை முஸ்லிம் அல்லாத ஏழைக்கும் தரலாம் என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்து. பிச்சையெடுத்த ஒரு யூத முதியவருக்கு பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை ஏற்பாடு செய்த கலீபா உமரின் வரலாற்றை அபூ ஹனீஃபாவின் மாணவர் அபூ யூசுஃபே ‘கிதாபுல் கராஜ்’ நூலில் எழுதியிருக்கிறார். ஒரே நிதியகத்தில் ஜகாத்துக்கு ஒரு கணக்கு, சதக்காவுக்கு ஒரு கணக்கு என்று இரண்டைப் பிரித்து வைத்தால், உதவி கேட்டு வருபவரிடம் மதம் கேட்டுத் திருப்பி அனுப்பும் நிலை வராது.

இன்னொரு பக்கமிருந்து வரும் ஆபத்து இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. ஜகாத் கொடுக்கிறோமே என்று கூலியைக் குறைப்பதும், தீபாவளி போனஸுக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ.க்கும் ஈடாக அதைக் காட்டுவதும் ஜகாத்தே ஆகாது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைத் தரச் சொன்ன மார்க்கத்தில், கொடுக்க வேண்டிய கடனைக் கொடுக்காமல் தருமக் கணக்கு எழுத இடமில்லை. ஏழைத் தொழிலாளிக்கு முதலாளி ஜகாத் தரலாம். ஆனால் அது அவர் உழைப்புக்கான விலையாகவோ, வேறு கம்பெனிக்குப் போகாமல் கட்டிப்போடும் கயிறாகவோ இருக்கக் கூடாது. சம்பளக் கணக்கு சுத்தமான பிறகே ஜகாத் கணக்கு தொடங்குகிறது.

உடனே செய்யக் கூடியவை

திருப்பூர் நகர ஜமாஅத்துகளும் குன்னத்தூர், ஊத்துக்குளி, அவிநாசி, பெருந்துறை போன்ற சுற்றுவட்டார ஜமாஅத்துகளும் சேர்ந்து ஒரே பைத்துல்மால் தொடங்க வேண்டும். தனித்தனியாக நிதி திரட்டும் வசதி சிற்றூர்ப் பள்ளிவாசல்கள் எல்லாவற்றுக்கும் இருக்காது. ஆனால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்ற தகவல் அவற்றிடம்தான் இருக்கிறது. பணம் நகரத்திலிருந்தும் பெயர்ப்பட்டியல் சிற்றூரிலிருந்தும் வரட்டும். டிரஸ்டாகப் பதிவு, வங்கிக் கணக்கு, ஆண்டுதோறும் தணிக்கை ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. நிர்வாகக் குழுவில் பெண்கள் இருந்தே ஆக வேண்டும். குழு லோனின் உள்விவரம் அவர்களுக்குத்தான் தெரியும், ஒரு பெண் தன் கடனைப் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியிடம் போய்ச் சொல்லவும் மாட்டார்.

பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதற்கும் கபீஸாவின் செய்தியே வழிகாட்டுகிறது. அதில் வரும் மூன்றாம் வகையினர், வறுமை பற்றித் தம்மவரில் விவரமறிந்த மூவர் சாட்சி சொல்லக்கூடியவர்கள். வடமாநிலத் தொழிலாளிக்கு அவர் அறைத் தோழரும் லைன் சூபர்வைசரும் வீட்டு உரிமையாளரும் அந்த மூவராக இருக்கலாம். விண்ணப்பப் படிவம், வருமானச் சான்று, நகல் என்று அலைக்கழிப்பதைவிட இது விரைவானது. பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகட்டும், கூட்டமும் வேண்டாம், மேடையும் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம். வரவு செலவைத் தொகையாகப் பள்ளிவாசல் பலகையில் மாதந்தோறும் ஒட்டலாம். வாங்கியவர் பெயரை ஒருபோதும் ஒட்டக் கூடாது.

மந்தம் ரமலான் பார்த்து வருவதில்லை. ஜகாத்தை உரிய காலத்துக்கு முன்பே கொடுக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. நபிகள் நாயகம் தம் சிறிய தந்தை அப்பாஸின் ஜகாத்தை அப்படி முன்கூட்டியே ஏற்றிருக்கிறார். ஆகவே வணிகர்கள் சென்ற ஆண்டுக் கணக்கை வைத்து மாதந்தோறும் ஒரு தொகை செலுத்தி, ரமலானில் மீதியைச் சரிசெய்துகொள்ளலாம். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கும், வேலையில்லாத வாரத்து வாடகைக்கும், ஊர் திரும்பும் ரயில் டிக்கெட்டுக்கும் அப்போதுதான் கையில் பணம் இருக்கும். உலமாக்கள் வெள்ளிக்கிழமை பயானில் (சொற்பொழிவில்) எட்டு வகையினரில் ஒவ்வொருவரையும் இந்த வட்டாரத்து முகத்தோடு அறிமுகப்படுத்த வேண்டும். கடனாளி என்று அரபியில் சொல்லி நிறுத்தாமல், குழு லோன் என்று சொல்ல வேண்டும்.

ரமலானுக்குக் கணக்கெழுத உட்காரும் வணிகரிடம் ஒரு வேண்டுகோள். சரக்கு இருப்பை எழுதும் தாளிலேயே, அந்தச் சரக்கு எந்தெந்த ஊரில் தைக்கப்பட்டது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அதில் குன்னத்தூர் என்று வந்தால், உங்கள் ஜகாத்தில் ஒரு பங்கைக் குன்னத்தூருக்கு அனுப்பிவிடுங்கள்.